இரண்டாகப் பிளந்த கப்பல்கள்



இரண்டாம் உலகப் போரின்போது கடலில் அழிந்த கப்பல்கள் ஆயிரக்கணக்கானவை. நீர்மூழ்கிகளால் அழிந்தவை, வானிலிருந்து விழுந்த குண்டுகளால் அழிந்தவை, கண்ணிவெடியில் சிக்கி அழிந்தவை என்று அவற்றைப் பகுத்து எழுதிய நூல்கள் பல. இன்று நான் அவற்றைப் பற்றிப் பேசப் போவதில்லை. பகைவன் கை படாமல், பாறையில் மோதாமல், தாமாகவே நடுவில் பிளந்துபோன கப்பல்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன். பௌதிகம் பயிலும் மாணவர்களுக்கு இது பயன்படும். பௌதிகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே எழுந்து செல்ல எண்ணும் மாணவர்களும் சற்றுப் பொறுத்திருக்கலாம். பிற்பகுதியில் நல்ல கதை ஒன்று காத்திருக்கிறது.

1943-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 16-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையை அடுத்த ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லந்து நகரத்து ஆற்றங்கரையில், ஸ்வான் தீவு என்னும் இடத்தில் ஒரு பெரிய கப்பல் கட்டும் தளம் இருந்தது. அங்கே ‘ஸ்கெனெக்டடி’ என்னும் எண்ணெய்க் கப்பல் துறையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டி முடித்து மூன்று வாரங்கூட நிறைவுறாத புத்தம் புதிய கப்பல். நீளம் 523 அடி. வெள்ளோட்டம் முடித்துத் திரும்பியிருந்தது. காற்றில்லை, அலையில்லை, ஆறு குளத்தைப்போல் அசைவற்றிருந்தது. திடீரென்று ஒரு மைல் தொலைவிலிருந்தவர்களும் கேட்கும்படி ஒரு பேரொலி எழுந்தது. ஓடி வந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? கப்பலின் மேல்தளமும் இரு பக்கங்களும் நடுவில் அடியோடு பிளந்து கிடந்தன. அடித்தகடு மட்டும் அறுபடவில்லை. நடுப்பகுதி மேலே எழும்ப, முன்னும் பின்னும் ஆற்றின் அடிமண்ணில் போய் அமர்ந்துவிட்டன. முருங்கைக்காயை ஒடித்தால் இரு துண்டுகளும் ஒரு நாரில் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்தக் காட்சிதான்.

அன்றிரவு காற்றின் வெப்பநிலை நீர் உறையும் நிலைக்கும் சற்றுக் கீழே இருந்தது. ஆற்று நீர் சுமார் 4 டிகிரி சென்டிகிரேட். இந்தக் குளிரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

இது தனித்து நிகழ்ந்த விபத்தாயிருந்தால் அன்றோடு மறந்திருப்பார்கள். அடுத்த மார்ச்சு மாதத்தில் ‘எஸ்ஸோ மன்ஹாட்டன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் நியூயார்க்குத் துறைமுகத்தின் வாயிலருகே அமைதியான கடலில் இரண்டாயிற்று. நவம்பரில் ‘ஜான் பி. கெயின்ஸ்’ என்னும் சரக்குக் கப்பல் அலாஸ்காவை அடுத்த குளிர்கடலில் பிளந்து, அதில் 10 பேர் உயிரிழந்தனர். டிசம்பரில் சோவியத்து நாட்டுக்குத் தரப்பட்டிருந்த ‘வலேரி சக்காலவ்’ வட பசிபிக்கில் இரண்டாகப் பிளந்தது. கப்பல்கள் பிளக்கும் செய்தி துறைமுகங்கள்தோறும் பரவிற்று. மாலுமிகளின் நெஞ்சில் குடியேறிய அச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நீர்மூழ்கிக்கு அஞ்சி மேலே நின்று காவல் காக்கலாம். தான் நிற்கும் தளமே பகையாகிவிட்டால் எதற்குக் காவல் நிற்பது?

இவ்வளவு கப்பல்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போரின் தொடக்க ஆண்டுகளில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் நேச நாடுகளின் சரக்குக் கப்பல்களைக் கட்டக் கட்ட மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உணவும் எண்ணெயும் படைக்கலங்களும் கடல் கடந்து செல்லாவிட்டால் போரே முடிந்துவிடும் என்னும் நிலை. எனவே, ஒரே அமைப்பில், எளிய முறையில், நூற்றுக்கணக்கில் கப்பல்களைக் கட்டித் தள்ளுவது என்று அமெரிக்க அரசு முடிவு செய்தது. அவையே ‘லிபர்ட்டி’ கப்பல்கள். நீளம் 441 அடி. வேகம் மணிக்கு 11 கடல் மைல். சுமை ஏறத்தாழ 10,000 டன். முதற்கப்பல் 1941 செப்டம்பர் 27-இல் நீரில் இறங்கிற்று. 1945-க்குள் 2,710 கப்பல்கள் கட்டப்பட்டன. தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு 200 நாட்களுக்கு மேல் பிடித்தது. பின்னர் அது சராசரி 42 நாட்களாகக் குறைந்தது. 1942 நவம்பரில் கலிபோர்னியாவிலுள்ள ரிச்மண்டு நகரத்தில் ‘ராபர்ட் இ. பியரி’ என்ற கப்பலை 4 நாள் 15 மணி 29 நிமிடத்தில் கட்டி இறக்கிவிட்டார்கள்! நம் ஊரில் ஒரு மாட்டுத் தொழுவத்துக்குக் கூரை வேய அதைவிட நாளாகும்.

இவ்விரைவுக்குக் காரணம், தகடுகளை இணைக்கும் முறையில் செய்த மாற்றம். பழங்காலக் கப்பல்களில் உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்துத் துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டு ஆணிகளைச் செருகிச் சம்மட்டியால் அடித்து இறுக்குவார்கள். அதற்கு ஆண்டுக்கணக்கில் பழகிய கைகள் வேண்டும். புதிய கப்பல்களிலோ தகடுகளின் விளிம்புகளை மின்சாரச் சுடரால் உருக்கி ஒன்றாகப் பற்றவைத்தார்கள். வெல்டிங் என்று இன்று நம் பட்டறைகளில் வழங்குவது இதுவே. இவ்வேலையைச் சில வாரங்களிலேயே கற்றுக்கொடுக்க முடிந்தது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் பண்ணைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் புதியவர்கள் வந்தார்கள். அவர்களுள் பெண்கள் பெருந்தொகையினர்.

கப்பல்கள் பிளக்கத் தொடங்கியபோது பழி முதலில் யார்மீது விழுந்திருக்கும்? பற்றவைத்தவர்கள்மீதுதான். ஸ்கெனெக்டடி உடைந்தபோது எழுந்த முதல் தீர்ப்பும் ஏறத்தாழ அதுவே. வேலை சரியில்லை, அவசரம், கற்றுக்குட்டிகள். கேட்பதற்கு நியாயமாகவும் தோன்றும். அப்பழியை முழுப் பொய் என்றும் தள்ளுவதற்கில்லை. பற்றவைப்பில் குறைகள் பல இடங்களில் காணப்பட்டது உண்மை. உருக்காலை ஒன்றில் தகடுகளின் சோதனைக் குறிப்புகளையே பொய்யாக எழுதி வந்தார்கள் என்பதும் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் 1943-இல் வெளிப்பட்டது. ஆயினும், நான்கரை நாளில் கட்டிய பியரி கப்பல் பிளக்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். போர் முடியும்வரை சுமை சுமந்து, 1963-இல் பழைய இரும்புக்காகப் பிரிக்கப்பட்டது அது. அவசரம் ஒன்றே காரணமாயின் முதலில் பிளந்திருக்க வேண்டியது அதுவன்றோ?

உடைந்த தகடுகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு வேறோர் ஐயமும் எழுந்தது. பற்றவைப்புத்தான் பலவீனம் என்றால் விரிசல் பற்றவைத்த கோட்டோடு ஓடியிருக்க வேண்டும். பையின் தையல் இற்றுப்போனால் தையலோடு பிரிவதுதானே இயல்பு? ஆனால் பெரும்பாலான கப்பல்களில் விரிசல் பற்றவைப்பைக் கடந்து, குறையற்ற முழுத்தகட்டின் குறுக்கே ஓடியிருந்தது. குற்றவாளி என்று யாரைப் பிடித்து நிறுத்தினார்களோ அவரைத் தீண்டாமல், சாட்சி என்று நின்றவரையே பிளந்து சென்றிருக்கிறது!

அமெரிக்கக் கடற்படைச் செயலர் ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார். 1946-இல் வெளிவந்த அதன் அறிக்கையின் கணக்கு இது. ஆராயப்பட்ட பற்றவைத்த வணிகக் கப்பல்கள் 4,694. அவற்றுள் விரிசல் கண்டவை 970. மேல்தளம் முழுவதும் குறுக்காகப் பிளந்தவை 24. அடியோடு இழக்கப்பட்டவை 8. மாண்ட மாலுமிகள் 26 பேர். நீர்மூழ்கிகள் கொன்ற பல்லாயிரவரோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. எனினும், ஐந்தில் ஒரு கப்பல் விரிசல் கண்டது என்பதைச் சிறிதென்று எந்தப் பொறியாளரும் தள்ள முடியாது.

இனி, விரிசல் ஏன் தோன்றியது, தோன்றிய விரிசல் ஏன் நிற்காமல் ஓடியது என்னும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். இவற்றைக் கலந்துவிட்டால் ஒன்றும் விளங்காது.

துணிக்கடைக்குச் சென்றிருப்பீர்கள். கடைக்காரர் முழத்தை அளந்து, துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் அரை அங்குலம் நறுக்குகிறார். பிறகு கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளாலும் பிடித்து இழுக்கிறார். ‘சர்’ரென்று துணி முழுநீளமும் நேராகக் கிழிந்துவிடுகிறது. அந்தச் சிறு நறுக்கு இல்லாமல் அவர் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. காரணம் என்ன? நறுக்கில்லாத துணியில் இழுக்கும் விசை எல்லா நூல்களிலும் சமமாகப் பரவுகிறது. நறுக்கிய பிறகு, அந்த நறுக்கின் நுனியிலுள்ள ஓரிரு நூல்கள்மீது விசை குவிகிறது. அவை அறுந்தவுடன் அடுத்த நூல்கள், அவை அறுந்தவுடன் அடுத்தவை.

லிபர்ட்டி கப்பல்களின் மேல்தளத்தில் இத்தகைய ‘நறுக்கு’களைப் பொறியாளர்களே வரைந்து வைத்திருந்தார்கள். சரக்கை இறக்கும் அறைகளின் வாய்களைச் சதுரமாக, கூர்மையான மூலைகளோடு வெட்டியிருந்தார்கள். சதுரமாக வெட்டுவது எளிது. வேலை விரைவாக முடியும். அவ்வாறே பக்கச் சுவரின் மேல்விளிம்பில் ஏணி வைப்பதற்கென்று ஒரு சதுரத் துண்டு எடுக்கப்பட்டிருந்தது. கப்பல் அலைமீது செல்லும்போது அசையாத கட்டடம் அன்று. நடுவில் பேரலை தாங்கினால் முன்னும் பின்னும் தாழ்ந்து முதுகு வளையும். இரு முனைகளையும் இரண்டு அலைகள் தாங்கினால் நடு தாழ்ந்து தொட்டிலாகத் தொய்யும். முதுகு வளையும் ஒவ்வொரு முறையும் மேல்தளம் இழுபடுகிறது. இழுபடும் விசை, சதுர வாயின் கூர்மூலைகளில் குவிகிறது. பல விரிசல்கள் பிறந்த இடம் அதுதான்.

சரி, ரிவெட்டு அடித்த பழங்கப்பல்களிலும் விரிசல் தோன்றாமல் இல்லையே. அவை ஏன் பிளக்கவில்லை? மீண்டும் துணிக்கே வருவோம். முழுத்துணி கடைசிவரை கிழியும். பல துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கந்தைத் துணியைக் கிழித்துப் பாருங்கள். கிழிசல் தையல்வரை வந்து நின்றுவிடும். ரிவெட்டுக் கப்பல் அந்தத் தைத்த துணி. ஒரு தகட்டில் ஓடும் விரிசல் அத்தகட்டின் விளிம்போடு முடிந்துபோகும். அடுத்த தகடு வேறு தகடு. பற்றவைத்த கப்பலோ கப்பல் முழுவதும் ஒரே துணி. ஒருமுறை கிழியத் தொடங்கினால் நிறுத்துவதற்கு இடையில் ஒன்றுமில்லை. பற்றவைத்தலின் வலிமையே இங்கு ஆபத்தாயிற்று. பற்றவைத்த பெண்ணின் கை நடுங்கியதால் வந்த ஆபத்தன்று இது. கை நடுங்காமல் நன்றாகப் பற்றவைத்தாலும் வரும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஸ்கெனெக்டடி அலையே இல்லாத ஆற்றில் நின்றுகொண்டிருந்தது. உருக்கு என்பது துணியன்று. இழுத்தால் முதலில் நீளும், வளையும், நசுங்கும், அதன் பின்னரே அறும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். உடைந்த தகடுகளிலோ நீண்டதற்கோ வளைந்ததற்கோ அடையாளமே இல்லை. கண்ணாடி உடைவதைப்போல் உடைந்திருந்தன. உடைந்த விளிம்பில் மீன்முள்ளைப் போன்ற வரிகள் காணப்பட்டன. அம்முள்ளின் கூர் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் சென்றால் விரிசல் தொடங்கிய இடத்தை அடையலாம். எத்தனையோ கப்பல்களில் ஆய்வாளர்கள் இந்த மீன்முள்ளைப் பின்பற்றியே மூலையைக் கண்டுபிடித்தார்கள்.

உருக்கு ஏன் கண்ணாடியாயிற்று? இங்கேதான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அம்மையார் ஒருவர் வருகிறார். பெயர் கான்ஸ்டன்ஸ் டிப்பர். 1894-இல் பிறந்தவர். உலோகங்களின் படிகங்கள் இழுபடும்போது எவ்வாறு உருமாறுகின்றன என்பதை இருபது ஆண்டுகளாக ஆராய்ந்து, 1935-இல் நூலும் வெளியிட்டிருந்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்குவதில்லை. 1948-இல்தான் வழங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் பிளந்த கப்பல்களின் தகடுகள் இவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. பற்றவைத்தவர்கள் யார், எத்தனை நாள் பயிற்சி பெற்றவர்கள் என்பதை விடுத்து, அம்மையார் அந்த உருக்கையே கேள்வி கேட்டார்.

சாலை போடுமிடத்தில் தாரைப் பார்த்திருப்பீர்கள். நண்பகல் வெயிலில் அது கால் செருப்போடு ஒட்டிக்கொண்டு நீளும். அதே தாரின் கட்டியை மார்கழி மாத விடியலில் எடுத்துக் கல்லால் அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பொருள் மாறவில்லை, வெப்பநிலை மாறிவிட்டது. உருக்கிலும் இதையொத்த மாறுதல் நிகழ்கிறது என்று டிப்பர் காட்டினார். குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்கு மேலே உருக்கின் படிகங்களுக்குள் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதனால் உருக்கு நீளுகிறது, அடியைத் தாங்கிக்கொள்கிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் அந்த வழுக்கல் கடினமாகிவிடுகிறது. நகர முடியாத படிகம் பிளக்கிறது. நன்றாக நீண்டு அறுந்த உருக்கின் முகம் கரும்பைப் பிய்த்தாற்போல் நார்நாராக, மங்கலாக இருக்கும். குளிரில் பிளந்த உருக்கின் முகம் கற்கண்டை உடைத்தாற்போல் மினுமினுக்கும். எல்லா உலோகங்களும் இப்படியல்ல. செம்பும் அலுமினியமும் எவ்வளவு குளிர்ந்தாலும் இவ்வாறு திடீரென்று நொறுங்கும் இயல்புடையவை அல்ல. இரும்புக்கு இது பிறவிக்குணம்.

அக்குணம் எந்த வெப்பநிலையில் வெளிப்படும் என்பது உருக்கின் சேர்க்கையைப் பொறுத்தது. கரி மிகுந்து மாங்கனீசு குறைந்தால் வெதுவெதுப்பிலேயே நொறுங்கும். கந்தகமும் பாஸ்வரமும் மிகுந்தாலும் கேடு. போர்க்காலத்துக் கப்பல் உருக்குகளில் பலவற்றுக்கு அந்த எல்லை, குளிர்கடல்களின் சாதாரண வெப்பநிலைக்கு மிக அருகிலேயே இருந்தது. ஜனவரி மாத ஆறு, நவம்பர் மாத அலாஸ்கா, டிசம்பர் மாத வட பசிபிக். நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன குளிர் இப்போது எங்கே வந்து பொருந்துகிறது, பார்த்தீர்களா?

இதனை அளக்க ஓர் எளிய கருவி முன்னரே இருந்தது. சார்ப்பி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்துத் தந்தது. ஊஞ்சலைப்போல் ஆடும் ஒரு சம்மட்டி. விரல் நீள உருக்குத் துண்டில் ஒரு பக்கம் சிறு வெட்டு வெட்டி, அதன் பாதையில் வைப்பார்கள். உயரத்திலிருந்து விடப்பட்ட சம்மட்டி துண்டை உடைத்துக்கொண்டு மறுபக்கம் எழும்பும். துண்டு உறுதியானதாயின் சம்மட்டியின் ஆற்றலில் பெரும்பங்கை விழுங்கிவிடும். சம்மட்டி சிறிதே எழும்பும். துண்டு நொறுங்கும் இயல்பினதாயின் சம்மட்டி தங்குதடையின்றி மேலே போகும். கருவி இருந்தது; கப்பல் தகட்டைக் குளிர்வித்து அதில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதிமுறை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. பிளந்த கப்பல்களில் விரிசல் தொடங்கிய தகடுகளை இவ்வாறு சோதித்தபோது, அவை பெரும்பாலும் 15 அடி-பவுண்டு ஆற்றலைக்கூட விழுங்கவில்லை என்று தெரியவந்தது. தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதைவிட எந்த நிலையில் தேர்வு வைத்தாய் என்று கேட்பது முக்கியம் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உருக்குக்கும் அது பொருந்துகிறது.

டிப்பர் அம்மையார் 1949-இல் கேம்பிரிட்ஜ் பொறியியல் துறையில் ரீடர் பதவி பெற்றார். அத்துறையில் முழுநேர ஆசிரியராக அமர்ந்த முதற்பெண்மணி அவரே. 1960-இல் ஓய்வு பெற்று, 1995-இல் தம் 101-ஆம் வயதில் மறைந்தார்.

மருந்து ஓரளவு விரைவாகவே கண்டுபிடிக்கப்பட்டது. சதுர மூலைகளை வட்டமாக்கினார்கள். பக்கச் சுவரின் ஏணி வெட்டை அடைத்தார்கள். மேல்தளத்தில் நீளவாட்டில் தகட்டை அறுத்து, அந்தப் பிளவின்மேல் ஒரு பட்டையை ரிவெட்டு அடித்துப் பொருத்தினார்கள். முழுத்துணியை வேண்டுமென்றே வெட்டித் தைத்தாற்போன்ற வேலை! குறுக்கே ஓடி வரும் விரிசல் அப்பட்டையில் வந்து நின்றுவிடும். புதிய விபத்துகள் குறைந்தன. ஆனால் மிதந்துகொண்டிருக்கும் கப்பலின் மூலையைத் திருத்தலாம், பட்டை கட்டலாம். உருக்கை மாற்ற முடியாது. போர் முடிந்ததும் அவை தனியாரிடம் விற்கப்பட்டு, பழைய உருக்கோடு, உலகமெங்கும் சுமை சுமந்துகொண்டிருந்தன. அவற்றுள் இரண்டின் கதையே முன்பு சொல்வதாகக் கூறியது.

1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 18. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காட் முனை என்று ஒரு நிலமுனை, வளைத்த கைபோல் கடலுக்குள் நீண்டிருக்கிறது. அன்று அங்கே வடகிழக்கிலிருந்து கடும்புயல், பனிமழை. லூயிசியானாவிலிருந்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு ‘பெண்டில்டன்’, ‘ஃபோர்ட் மெர்சர்’ என்னும் இரு கப்பல்கள் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஸ்கெனெக்டடியின் இனம். அவற்றுள் பெண்டில்டன் அதே ஸ்வான் தீவுத் தளத்தில் 1944-இல் கட்டப்பட்டது. அதன் உட்சுவர் ஒன்றில் 1951 ஜனவரியிலேயே விரிசல் கண்டிருந்தார்கள், அது செப்பனிடப்படவில்லை.

விடியுமுன் பெண்டில்டன் இரண்டாயிற்று. சில மணி நேரத்தில் ஃபோர்ட் மெர்சரும் இரண்டாயிற்று. ஒரே நாளில், ஒரே கடலில், ஒரே இனத்துக் கப்பல்கள் இரண்டு! பெண்டில்டனின் கம்பியில்லாத் தந்திக் கருவி முன்பாதியில் இருந்தது; அபாயச் செய்தி அனுப்ப நேரமில்லாமல் போயிற்று. தலைவரும் ஏழு பேரும் முன்பாதியோடு சென்றனர். அவர்களுள் ஒருவரும் பிழைக்கவில்லை. பின்பாதியில் 33 பேர். அங்கே எந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்று, தலையில்லாத அந்த அரைக்கப்பலை மணல்மேட்டில் மோதாதவாறு நாள் முழுவதும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஃபோர்ட் மெர்சரின் அபாயச் செய்தி கேட்டுக் கடலோரக் காவற்படையின் பெரும்படகுகள் அதை நோக்கி விரைந்தன. பெண்டில்டன் உடைந்ததே பிற்பகலில்தான் தெரியவந்தது. சாத்தம் என்னும் சிற்றூரின் காவல் நிலையத்தில் எஞ்சியிருந்தது 36 அடி நீளமுள்ள மரத்தாலான உயிர்காப்புப் படகு ஒன்று. அதனைச் செலுத்தப் பணிக்கப்பட்டவர் பெர்னார்டு வெப்பர் என்னும் 23 வயது இளைஞர். உடன் சென்றவர்கள் ஆண்ட்ரூ பிட்ஸ்ஜெரால்டு, ரிச்சர்டு லிவ்ஸி, எர்வின் மாஸ்கி. மாஸ்கி அந்த நிலையத்தைச் சேர்ந்தவரே அல்லர். வேறொரு கலங்கரைக் கப்பலுக்குச் செல்லும் வழியில் அங்குத் தங்கியிருந்தவர். ஆள் வேண்டும் என்றதும் எழுந்து வந்தார்.

அவ்வூரின் துறைக்கு வெளியே மணல்திட்டு ஒன்று உண்டு. புயற்காலத்தில் அங்கே அலைகள் மதில்போல் எழுந்து உடையும். இருட்டில் அதைக் கடக்கும்போது முன்கண்ணாடி நொறுங்கியது. திசைகாட்டி பிடுங்கிக்கொண்டு போயிற்று. படகு சாய்ந்த சாய்வில் எந்திரம் நின்றது. பிட்ஸ்ஜெரால்டு கீழறைக்குள் ஊர்ந்து சென்று அதை மீண்டும் இயக்கினார். திசையறியாமல் சென்றவர்களுக்கு எதிரே, விளக்குகள் எரியும் ஒரு கரிய மலைபோல் பெண்டில்டனின் பின்பாதி தோன்றியது. மேலிருந்து நூலேணி ஒன்று இறங்கிற்று. அலை ஏறும்போது படகை ஏணியின்கீழ்க் கொண்டுவந்து, ஓர் ஆள் குதித்ததும் விலகி, மீண்டும் அணுகி, இப்படியே ஒவ்வொருவராக ஏற்றினார்கள். பன்னிரண்டு பேரைத் தாங்கவே அமைந்த படகு அது. அன்றிரவு அதில் 32 பேர் ஏறினார்கள். மற்றவர்கள் இறங்கத் துணைநின்று இறுதியில் இறங்கிய ஒரு மாலுமியை மட்டும் அலை படகுக்கும் கப்பலுக்கும் இடையே கொண்டுபோயிற்று. திசைகாட்டி இல்லாமலே வெப்பர் கரையை நோக்கித் திருப்பினார். துறைவாயிலின் சிவப்பு மிதவை விளக்கைக் கண்டு, 36 உயிர்களோடு சாத்தம் துறையில் வந்து சேர்ந்தார்.

வெப்பருக்குத் தங்கப்பதக்கமும் மற்ற மூவருக்கும் வெள்ளிப்பதக்கமும் தருவதாக மேலிடம் கூறிற்று. ஒரே படகில் சென்ற நால்வருக்கும் ஒரே பதக்கம் இல்லையேல் தமக்கு வேண்டாம் என்று வெப்பர் மறுத்துவிட்டார். நால்வருக்கும் தங்கமே கிடைத்தது. அந்தப் படகு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1981-இல் மீட்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது.

ஃபோர்ட் மெர்சரின் 43 பேரில் 38 பேர் பிழைத்தனர். அதன் முன்பாதியிலிருந்து நால்வரையே காப்பாற்ற முடிந்தது, ஐவர் மாண்டனர். பின்பாதியில் இருந்த 34 பேரும் தப்பினர். அவர்களுள் 21 பேர் மீட்புக் கப்பல்களுக்கு மாறினர்; மீதி 13 பேர் தங்கள் பாதிக்கப்பலை விட்டு இறங்க மறுத்துவிட்டனர். அவர்களோடு சேர்த்தே அதை நியூபோர்ட் துறைமுகத்துக்கு இழுத்து வந்தார்கள்.

இதற்குள் உருக்கு விதிமுறைகள் மாறத் தொடங்கியிருந்தன. இக்காலத்தில் குளிர்கடல் செல்லும் கப்பலின் முக்கியத் தகடுகளுக்குரிய உயர்தர உருக்கின் மாதிரித் துண்டை உறைநிலைக்கும் 40 டிகிரி கீழே குளிர்வித்து அந்த ஊஞ்சற் சம்மட்டியின் முன் வைக்கிறார்கள். அதைத் தாங்கும் தகடே கப்பலுக்குச் செல்கிறது.

நியூபோர்ட்டுக்கு வந்த அந்தப் பின்பாதியை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? வீணாக்கவில்லை. அதற்குப் புதிதாக ஒரு முன்பாதியைக் கட்டிப் பொருத்தினார்கள். ‘சான் ஜஸிந்தோ’ என்னும் பெயரோடு அது மீண்டும் எண்ணெய் ஏற்றக் கடலில் இறங்கிற்று.